ஒரே ரசம், ரெண்டு மூக்கு

தமிழக-கேரள எல்லை மலையில் இருக்கிற கம்பம்மெட்டில் என் மாமியார் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சின்னப் பாத்தி இருக்கிறது. அதில் ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். நீள இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். அக்கம்பக்கத்து மலையாள வீடுகளில் அதற்குப் பேர் ஆப்பிரிக்கன் மல்லி. பேர்தான் ஆப்பிரிக்கா, பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பிரதேசம். நம் கொத்தமல்லிக்குத் தூரத்துச் சொந்தம். வாசம் அதே வாசம், ஆனால் ரெண்டு பங்கு தூக்கல். மழைக் காலத்தில் மேட்டில் கொத்தமல்லிக் கட்டு அழுகிப்போகும், இந்தச் செடி மட்டும் அசையாது. அதனால் அங்கே ரசத்துக்கு இதுதான்.

போன பொங்கலுக்குப் போடியிலிருந்து கொழுந்தியாள் வந்திருந்தாள். ஒரு வாய் ரசச் சோறு வைத்தாள், முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, குளிக்கிற சோப்பக் கரைச்சு ஊத்தினியா?"

"ஆமாடி, உனக்கு என்னைக்குத்தான் நான் வச்சது நல்லா இருந்திருக்கு?"

என் மனைவி குறுக்கே வந்தாள். "இவ சின்னதுல இருந்தே இப்படித்தான். கொத்தமல்லித் தழையைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சிருவா."

நான் இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றிக்கொண்டேன். எனக்கு அது அமிர்தம். ஆனால் ஒன்று மண்டையில் இடித்தது. இந்தப் பெண் மல்லிப்பொடி போட்ட குழம்பை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுவாள். கருவாட்டுக்கும் முகம் சுளிக்கமாட்டாள். நொட்டை சொல்வதுதான் நோக்கம் என்றால் மல்லிப்பொடிக்கும் சொல்லியிருக்க வேண்டுமே? நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறவன். "மாமா, நீங்களே சொல்லுங்க, நான் பொய்யா சொல்றேன்?" என்று அவள் கேட்டபோது பதில் சொல்லவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், வாசனை என்றால் என்ன? ஒரு பொருளிலிருந்து கிளம்பிக் காற்றில் கலந்து நம் மூக்குக்குள் வருகிற மூலக்கூறுகள். அவ்வளவுதான். கிளம்பாத பொருளுக்கு வாசனை கிடையாது. எவர்சில்வர் தட்டு சும்மா இருக்கும்போது மணக்காததும், கல் உப்பு மணக்காததும் அதனால்தான். வண்டன்மேட்டுப் பக்கம் ஏதாவது ஒரு ஏலக்காய் ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். பச்சைக்காயைச் சூடு கொடுத்து உலர்த்திக்கொண்டிருப்பார்கள். கதவைத் திறந்த உடனே நெற்றியில் அடிப்பதுபோல ஒரு மணம் வரும். அதில் முக்கியமானவை இரண்டு: சினியோல், டெர்பினைல் அசிடேட். சினியோல் யூகலிப்டஸ் தைலத்திலும் உண்டு. ஏலக்காயை மென்றால் மூக்குக்குள் குளுகுளுவென்று ஏறுவது அதன் வேலை.

மூக்குக்குள் வந்த மூலக்கூறு எங்கே போகிறது? மூக்குத் துவாரத்தில் நாம் விரலை விட்டுத் தொடக்கூடிய இடத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே, மேலே, கிட்டத்தட்ட ரெண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற கூரையில், சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு ஈரமான சவ்வு. வாசனைக்கான நரம்பு செல்கள் பல லட்சம் அங்கே குடியிருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் நுனியில் மயிர்போன்ற இழைகளைச் சளிக்குள் நீட்டிவைத்திருக்கும். அந்த இழைகளின் மேல்தான் ஏற்பி என்கிற புரதம் பதிந்திருக்கிறது. வாசனை மூலக்கூறு இந்த ஏற்பியில் வந்து பொருந்தினால் செல்லுக்குள் ஒரு சங்கிலி வேலை நடக்கும், வாயில்கள் திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், ஒரு மின்துடிப்பு மூளைக்குக் கிளம்பும். தபால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஏற்பியைச் செய்வதற்கான குறிப்புதான் மரபணு. மாமியாரின் சாம்பார்ப்பொடிப் பக்குவம் ஒரு நோட்டில் எழுதி இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு பக்கம் ஒரு மரபணு. அதைப் பார்த்துச் செய்த பொடி புரதம். நோட்டில் ஒரு எழுத்து மாறி "சீரகம்" என்பது வேறு ஏதோவாகிவிட்டால் பொடியும் மாறிப்போகும். சில சமயம் மாறியதே தெரியாது, சில சமயம் வாயில் வைக்க முடியாது.

மனிதனுக்குப் புரதம் செய்கிற மரபணுக்கள் மொத்தம் சுமார் 20,000. அதில் வாசனை ஏற்பிக்கு மட்டும் வேலை செய்கிறவை ஏறத்தாழ 400. அதாவது ஐம்பதுக்கு ஒன்று. கண்ணுக்கு என்ன செலவு தெரியுமா? வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் சேர்த்து நாலே நாலு ஏற்பிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு உலகத்தையும் பார்த்துவிடுகிறோம். மூக்குக்கு 400. உடம்பு எதற்கு இவ்வளவு சொத்தை மூக்கின் பேரில் எழுதிவைத்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். எலியின் மூக்குச் சவ்வை வைத்து வேலை செய்து, 1991-இல் ஒரு பெரிய மரபணுக் குடும்பமே இருக்கிறது என்று காட்டினார்கள். அதுவரைக்கும் மூக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஊகங்கள்தான் அதிகம். 2004-இல் ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

400 வேலை செய்கிறது என்றேன். வேலை செய்யாததும் இருக்கிறது, அது இன்னும் அதிகம். ஒரு காலத்தில் ஏற்பியாக இருந்து, எழுத்துப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து பாழாய்ப்போன மரபணுக்கள் இன்னும் சில நூறு நம் உடம்பிலேயே கிடக்கின்றன. பாகப்பிரிவினை முடிந்தும் பெட்டியில் கிடக்கிற பழைய பத்திரம் மாதிரி. எலிக்கு வேலை செய்கிறவை மட்டுமே ஆயிரத்துக்கு மேல். நாய்க்குச் சுமார் 800. ஆப்பிரிக்க யானைக்கு ஏறத்தாழ 2000. இதுவரை எண்ணிப் பார்த்த விலங்குகளில் அதை மிஞ்சியவை அபூர்வம். நம் பெரியாறு காட்டில் இருப்பது ஆசிய யானை. அதன் மூக்கும் லேசுப்பட்டதில்லை. தாய்லாந்தில் மூடிய ரெண்டு வாளிகளில் கூடக்குறைய சூரியகாந்தி விதையைப் போட்டுவைத்து ஒரு சோதனை செய்தார்கள். எதில் அதிகம் என்பதை யானைகள் மோந்தே சொல்லிவிட்டன. தோட்டத்தில் பலா பழுத்தது நமக்குத் தெரிவதற்கு முன்னால் யானைக்குத் தெரிந்துவிடுகிறது என்று குமுளிக்காரர்கள் சொல்வதை நான் இப்போதெல்லாம் மறுப்பதில்லை.

சரி, 400 ஏற்பியை வைத்துக்கொண்டு எப்படி ஆயிரக்கணக்கான வாசனையைப் பிரித்துச் சொல்கிறோம்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஒரு நரம்பு செல் இந்த 400-இல் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். அந்த ஒன்றிலும் அப்பா கொடுத்தது, அம்மா கொடுத்தது என்று ரெண்டு பிரதி இருக்குமே, அதில் ஏதோ ஒரு பிரதியை மட்டும் பயன்படுத்தும். மற்றதை எல்லாம் பூட்டிவைத்துவிடும். ஒரே ஏற்பியைத் தேர்ந்தெடுத்த செல்கள் சவ்வில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், அவற்றின் கம்பிகள் எல்லாம் மூளையின் அடியில் உள்ள வாசனைக் குமிழில் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் போய்ச் சேரும்.

ஆனால் ஒரு வாசனைக்கு ஒரு ஏற்பி என்று கணக்கு இல்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஒரு ஏற்பியைப் பல மூலக்கூறுகள் தட்டும். எந்தெந்த முடிச்சுகள் ஒன்றாகத் துடித்தன என்பதை வைத்துத்தான் மூளை இது ஏலம், இது கிராம்பு என்று முடிவு கட்டுகிறது. நாதஸ்வரத்தில் துளைகள் கொஞ்சம்தான், எதை மூடினார் எதைத் திறந்தார் என்பதில் எத்தனை ராகம் வருகிறது, அந்த மாதிரி. 1999-இல் லிண்டா பக்கின் குழுவினர் இதைச் செல் செல்லாகச் சோதித்துக் காட்டினார்கள்.

ஏற்பி எவ்வளவு நுணுக்கம் பார்க்கும் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு. புதினாவின் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். சதகுப்பை விதையின் வாசனைக்கும் காரணம் கார்வோன்தான்! அதே அணுக்கள், அதே இணைப்புகள். ஒன்று வலது கை என்றால் மற்றது இடது கை, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை நிஜத்தின் மேல் வைத்தால் எப்படிப் பொருந்தாதோ அப்படி. வலது கைக்குத் தைத்த கையுறை இடது கையில் ஏறாது அல்லவா? ஏற்பிகளுக்கும் அந்த வித்தியாசம் தெரிகிறது. ஒன்றை மோந்தால் சட்னி ஞாபகம் வருகிறது, மற்றதை மோந்தால் நாட்டு மருந்துக்கடை ஞாபகம் வருகிறது.

இப்போது கொழுந்தியாளின் சோப்புக்கு வருவோம்.

கொத்தமல்லித் தழையின் வாசனையில் பெரும் பங்கு ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்களுக்கு. டெக்கனால், டெசினல், டோடெசினல் என்று வாயில் நுழையாத பேர்கள். ஆப்பிரிக்கன் மல்லியின் எண்ணெயில் டோடெசினல்தான் முதலாளி, அதனால்தான் அந்தத் தூக்கல். சோப்புக்கும் லோஷனுக்கும் மணம் தருகிற பொருள்களிலும் இதே குடும்பத்து ஆல்டிஹைடுகள் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் ஒரு வரி தாண்டிப் போகலாம்: மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வருகிற நெடியும் இந்தக் குடும்பத்து உறவுதான்.

மல்லி விதையோ முற்றிலும் வேறு ஆள். அதில் மணப்பது பெரும்பாலும் லினலூல் என்ற பொருள். அது பூக்களிலும் இருக்கிறது. ஒரே செடி, தழைக்கு ஒரு மணம், விதைக்கு ஒரு மணம். கொழுந்தியாள் மல்லிப்பொடிக் குழம்பைச் சாப்பிட்டதில் ஒரு நடிப்பும் இல்லை.

இந்த ஆல்டிஹைடுகளைப் பிடிப்பதில் கெட்டிக்காரனாகத் தெரிகிற ஒரு ஏற்பியின் மரபணுவுக்குப் பேர் ஓஆர்6ஏ2. பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பஸ் நம்பர் மாதிரிதான். ஓஆர் என்றால் வாசனை ஏற்பி. 6 என்பது குடும்பம், ஏ என்பது அதில் ஒரு கிளை, 2 என்பது அந்தக் கிளையில் இவருடைய எண். கடைசியில் P என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் அது நான் மேலே சொன்ன பாழாய்ப்போன பத்திரம். பல மரபணுப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்த நோட்டுதான் குரோமோசோம்; ஓஆர்6ஏ2 இருப்பது நம் 11-ஆவது குரோமோசோமில். அந்தக் குரோமோசோமே வாசனை ஏற்பிகளின் அக்ரஹாரம், வரிசை வரிசையாக அவர்கள் வீடுதான். 20-ஆவது குரோமோசோமிலும் ஒய் குரோமோசோமிலும் மட்டும் ஒரு வீடும் கிடையாது.

2012-இல் அமெரிக்காவில் ஒரு மரபணுச் சோதனை நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் 14,000 பேருக்கு மேல் கேள்வி கேட்டது. கொத்தமல்லித் தழை உங்களுக்குச் சோப்பு மாதிரி இருக்கிறதா? ஆமாம் என்றவர்களின் மரபணுவையும் இல்லை என்றவர்களின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது 11-ஆவது குரோமோசோமில் ஒரே ஒரு எழுத்தில் வித்தியாசம் தென்பட்டது. அந்த இடத்தைச் சுற்றி வாசனை ஏற்பி மரபணுக்கள் எட்டு. அந்த எட்டில் ஆல்டிஹைடுகளுக்குத் துடிக்கும் என்று தெரிந்தது ஓஆர்6ஏ2. ஆகவே சந்தேகம் அதன் மேல் விழுந்தது.

சந்தேகம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். இணையத்தில் "கொத்தமல்லி ஜீன்" என்று இதற்குப் பட்டமே கட்டிவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அதே ஆய்வில், மனிதர்களிடையே காணப்படும் பொதுவான மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், சோப்பு வாசனை தெரிகிற வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்க முடியவில்லை. மிச்சம் பழக்கம், வளர்ப்பு, சாப்பாட்டு முறை, இன்னும் என்னென்னவோ. அதே ஆண்டு கனடாவின் டொராண்டோவில் செய்த வேறொரு கணக்கெடுப்பில், கொத்தமல்லியைப் பிடிக்காதவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம், நம் தெற்காசிய வம்சாவளியினரில் 7 சதவீதம். நாம் பால்குடி மறந்த நாளிலிருந்து ரசத்திலும் சட்னியிலும் தழையோடு வளர்கிறோம். அதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. இருந்தும் ஏழு பேர் மிச்சம் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி என் கொழுந்தியாள்.

கொத்தமல்லி ஒன்றில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எந்த ரெண்டு பேரை எடுத்து ஒப்பிட்டாலும் வாசனை ஏற்பி மரபணுப் பிரதிகளில் 30 சதவீதத்துக்கும் மேல் வேலை செய்யும் விதத்தில் வித்தியாசப்படுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, உங்கள் மூக்கும் என் மூக்கும் ஒரே கடைச் சரக்கு கிடையாது. ஓஆர்7டி4 என்று இன்னொரு மரபணு இருக்கிறது. ஆண் பன்றியின் உடம்பிலும், கொஞ்சம் மனிதர்களின் வியர்வையிலும் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருளைப் பிடிப்பது அது. அந்த மரபணுவில் ரெண்டு எழுத்து மாறியதைப் பொறுத்து, ஒருவருக்கு அது மூத்திர வாடை, இன்னொருவருக்கு இனிப்பான வெனிலா மணம், வேறொருவருக்கு ஒன்றுமே இல்லை. 2007-இல் இதை நிரூபித்தார்கள்.

நம் மலைச்சரக்கிலும் ஒரு உதாரணம் சொல்லாவிட்டால் எப்படி? குறுமிளகை உடைத்தவுடன் எரிச்சலுக்கு முன்னால் மூக்கில் ஏறுகிற அந்த மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். 2008-இல் ஆஸ்திரேலியாவில் ஒயினில் மிளகு மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்கள் கண்டுபிடித்தது. மிளகிலும் அது ஏராளம். மோந்து பார்க்க உட்காரவைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு அதிகமாகக் கலந்துகொடுத்தாலும் அது தெரியவே இல்லை. மிளகின் உறைப்பு அவர்களுக்கும் உண்டு, அது நாக்கில் தெரிகிற எரிச்சல், வேறு கணக்கு. மணம் மட்டும் இல்லை. குமுளியில் மிளகு வியாபாரம் செய்கிறவர்களில்கூட இப்படி ஒருவர் இருக்கலாம், அவருக்கே தெரியாமல்.

பிறவியில் கண் தெரியாதவர்களுக்கு அது தெரியும், சுற்றி இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு வாசனை மட்டும் தெரியாதவருக்கு யார் சொல்வது? வாசனையைப் பேசுவதற்கு நம்மிடம் சொல் அவ்வளவு பஞ்சம் என்று சிலர் சொல்வார்கள். தமிழில் அப்படி ஒன்றும் பஞ்சம் இல்லை என்பேன். கவிச்சி, முடை, மொச்சை, சிக்கு, மக்கல், ஊசல், தீய்ச்சல், பால்வாடை. ஒவ்வொன்றும் தனித்தனி. ஆனால் வேடிக்கை பாருங்கள், பெரும்பாலும் கெட்டதற்குத்தான் இத்தனை நுணுக்கம். நல்லதை மணம், வாசம் என்று ரெண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். பழந்தமிழில் நறுமணத்துக்கும் வழங்கிய நாற்றம் என்ற சொல்லைக்கூடச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டோம்.

அப்புறம் ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். சோப்பு என்று அவள் சொன்னது வாயில் வைத்த பிறகு, மோந்து பார்த்து இல்லையே? ஒரு ஏலக்காயை உரித்து விதைகளை வாயில் போட்டு, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். லேசான கசப்பு, ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான் இருக்கும். ஏதோ மரத்தூள் மாதிரி. இப்போது விரலை எடுங்கள். ஏலக்காய் திடுதிப்பென்று வந்து நிற்கும். வாயில் மெல்லும்போது கிளம்புகிற மூலக்கூறுகள் தொண்டைக்குப் பின்னால் உள்ள வழியாக மூக்குக் கூரைக்கு ஏறுகின்றன. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கறிச்சாறு போன்ற ஒரு சுவை, இவ்வளவுதான். சாப்பாட்டு ருசி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி மூக்குக்குச் சேரவேண்டிய பாராட்டு. சளி பிடித்தால் பிரியாணியும் கஞ்சி மாதிரி இருப்பது இதனால். கொரோனாவில் ருசியே போய்விட்டது என்றவர்கள் பலருக்கும் போனது வாசனைதான். அந்தக் கிருமி முதலில் தாக்கியது நரம்பு செல்களைத் தாங்கி நிற்கிற துணை செல்களை. வாசனை நரம்பு செல்கள் செத்தாலும் சில வாரங்களில், மாதங்களில் புதிதாக முளைக்கும் வகை என்பதால் பெரும்பாலோருக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஸ்டோரில் வேலை செய்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், "ஏலக்காய் வாசமா? எங்களுக்கு எங்க தெரியுது" என்பார்கள். அது மரபணுக் கோளாறு இல்லை. தொடர்ந்து ஒரே வாசனை அடித்தால், உள்ளே பாய்ந்த கால்சியமே வாயில்களைச் சாத்தச் சொல்லிவிடும், மூளையும் பழைய சேதி என்று தள்ளிவிடும். சாயங்காலம் ஜீப்பில் கம்பத்துக்கு இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் அவர்கள் சேலையிலிருந்து வருகிற மணம் முழுசாகத் தெரியும்.

திண்ணைக் கச்சேரி முடிந்ததும் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப அது என் ரசத்துக் குத்தம் இல்ல" என்று மட்டும் எழுந்து போனார். மறுநாள் காலையில் இட்லிக்குத் துவையல். சந்தைக் கொத்தமல்லிதான், ஆனால் அம்மியில் நைய அரைத்து, கொஞ்ச நேரம் அப்படியே மூடிவைத்திருந்தார். தழையை அரைத்தால் அதில் உள்ள நொதிகள் ஆல்டிஹைடுகளைச் சிதைத்துவிடும், சோப்பு வாடை குறையும் என்று நான் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார்.

கொழுந்தியாள் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சோப்பு இல்ல," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சோப்பு டப்பா மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு இன்னொரு இட்லி போடச் சொன்னாள்.